கீழே விழுந்த முத்து

வலிஜானுக்குத் தொண்டையில் கட்டி என்று காந்தஹார் டாக்டர் சொன்ன அன்று, அர்கந்தாப் தோட்டங்களில் மாதுளை எலுமிச்சை அளவுதான் இருந்தது. "பழம் பழுக்கிறவரைக்கும் இருப்பேனா டாக்டர்?" என்று கேட்டார் அந்த மனிதர். வேறு யாராக இருந்தாலும் எத்தனை மாதம் என்று கேட்டிருப்பார்கள். இவருக்கு எல்லாமே பழக் கணக்குத்தான். டாக்டர் குனிந்து மருந்துச் சீட்டை எழுதினார். பக்கத்தில் நின்ற மனைவி ஜர்குனாவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. ஊர் திரும்பும் வழியெல்லாம் பர்தாவுக்குள் அழுது தீர்த்தாள். வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது கண் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு வெகுநாள் அது நனையவே இல்லை.

தன் மாதுளைத் தோட்டத்துக்காக அவர் பட்ட பேச்சு கொஞ்சநஞ்சமா? வெளிநாட்டு உதவித் திட்டம் என்று ஊருக்குள் ஆட்கள் வந்தபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான். திட்டத்தின் ஹுமாயூன் இன்ஜினியர் சொன்னார் என்று, புதராக மண்டிக் கிடந்த மரங்களின் கிளைகளைக் கழித்துத் தள்ளினார். "வலிஜான் தோட்டத்துக்கே மொட்டை போட்டுட்டான்யா" என்று ஊர் சிரித்தது. இரண்டு வருடம் கழித்துக் கிளை தாங்காமல் காய்த்துத் தொங்கியதும், சிரித்தவர்களே கத்தரியை இரவல் கேட்டு வாசலில் நின்றார்கள். பிறகு கிடங்கு வந்தது. அறுவடைக் காலத்தில் ஆண்களுக்குப் பறிக்கிற வேலை. கிடங்கில் திரை கட்டி, அதற்குப் பின்னால் பெண்களுக்குப் பழத்தைத் துடைத்துத் தாளில் சுற்றுகிற வேலை. பெண்களை யார் அனுப்புவார்கள்? "என் வீட்டுக்காரி முதல்ல வருவா" என்று வலிஜான் சொன்ன பிறகுதான் மற்ற வீடுகளின் கதவு திறந்தது.

போன வருடம் ஊருக்குப் பொறுக்கவில்லை. தோல் சிவந்ததுதான் தாமதம், பறித்துவிட்டார்கள். துபாய்க்குப் போன பழம் வாயில் வைக்க முடியாத புளிப்பு என்று, இனி அனுப்ப வேண்டாமென்று அங்கே வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். கிடங்கைப் பாதியில் பூட்டினார்கள். அடுப்பு எரியும் என்று நம்பியிருந்த விதவைகள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அந்த அவமானம் தாளாமல்தான் இந்த வசந்தத்தில் வலிஜான் எல்லோரையும் பள்ளிவாசலில் கூட்டி, குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். இன்ஜினியர் நாள் குறிக்கும்வரை எவன் தோட்டத்திலும் ஒரு பழம்கூட மரத்தை விட்டு இறங்கக் கூடாது. முதலில் கை வைத்தவரும் அவர்தான். கட்டி அப்போதே தொண்டைக்குள் இருந்திருக்கும். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

கோடை முழுவதும் அவருக்கு ஒரே ஆசை. தன் கையால் வைத்த மரத்திலிருந்து ஒரு முழு மாதுளை, ஒரு முத்து விடாமல் தின்ன வேண்டும். ஒவ்வொரு மாதுளையிலும் ஒரு முத்து சொர்க்கத்து முத்து என்பார்கள். எது என்றுதான் யாருக்கும் தெரியாது. அதனால் அந்த ஊரில் குழந்தைகூட மாதுளையைச் சிந்தாமல் தின்னும்.

பழம் சிவக்கத் தொடங்கியபோது, ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்தால் விழுங்குகிற அளவுக்கு அவருக்குத் தொண்டை திறந்திருந்தது.

"ஏங்க, வாய்க்கால் ஓரத்து மரத்துல ஒண்ணு நல்லா நிறம் பிடிச்சிருக்கு. போய்ப் பறிச்சுட்டு வரேன். எவனுக்குத் தெரியப்போகுது?" என்றாள் ஜர்குனா.

"எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா என்ன? தோட்டமும் உங்களுது, தொண்டையும் உங்களுது."

"சத்தியம் ஊரோடது, கிறுக்கி. நான் ஒண்ணு பறிச்சா விடியறதுக்குள்ள ஒவ்வொருத்தனும் கூடையோட நிப்பான்."

"ஊரு ஊருன்னு கபர்லயும் போய் நில்லுங்க!"

"அங்க எங்க நிக்கறது? படுக்கத்தானே இடம் குடுப்பாங்க."

அவள் கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள். என்ன மனிதர் இவர் என்று எரிந்துகொண்டு வந்தது. அந்த மரத்தடிவரை போய், பழத்தைக் கைக்குள் பிடித்துப் பார்த்துவிட்டு, பறிக்காமல் திரும்பி வந்தாள்.

ஹுமாயூன் இன்ஜினியருக்கே மனசு கேட்கவில்லை. பார்க்க வந்தவர் கட்டிலருகே குனிந்து, "மாமா, ஒரே ஒரு பழம். நோயாளிக்கு விலக்கு உண்டுன்னு முல்லாவே சொல்லிட்டார்" என்றார்.

"முல்லாவுக்கும் இருபது மரம் இருக்கு தம்பி. அவர் சொல்லத்தான் செய்வார்."

நாள் வந்தது. காலையில் தோட்டங்களில் கத்தரிச் சத்தம் கேட்டது. இன்ஜினியர் வலிஜான் வைத்த மரத்தின் முதல் பழத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேரே கட்டிலுக்கு வந்தார். அதற்குள் வலிஜானுக்குத் தண்ணீரே ஸ்பூனில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. குரலும் போய்விட்டிருந்தது, காற்றுதான் மிச்சம்.

"சாறா பிழிஞ்சு குடுத்துடேன், அவரை ஏன் வதைக்கற?" என்று ஜர்குனாவிடம் சொன்னாள் மூத்த ஓர்ப்படி பீபோ.

"பிழிஞ்சா எது அந்த முத்துன்னு அல்லாவுக்கே குழம்பிடும்" என்று அந்தக் காற்றுக் குரலில் சொன்னார் அவர்.

பகலில் அவர் ஜர்குனாவைக் கிடங்குக்கு விரட்டிவிடுவார். அவள் போகாவிட்டால் மற்றப் பெண்களையும் வீட்டில் நிறுத்திவிடுவார்களாம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து யார் யாருக்கோ போகிற பழங்களைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் ஓடி வந்து அந்த ஒரு பழத்தை முத்து முத்தாக அவர் நாக்கில் வைப்பாள். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு போராடுவார். கழுத்து நரம்பு புடைக்கும். இறங்கியதும் அடுத்ததற்கு வாயைத் திறப்பார். கோடையில் ஒரே மூச்சில் தின்றிருப்பாரே என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஊர் மேலும் எரிந்தது, அந்தச் சத்தியத்தின் மேலும் எரிந்தது.

மூன்றாவது சாயங்காலம், முத்துக்களை உதிர்த்து வைத்திருந்த கிண்ணத்தின் அடி தெரிந்தது. கடைசிக்கு முந்தைய முத்தை வைத்தபோது இருமல் வந்தது. முத்து வாயிலிருந்து தெறித்து எங்கோ போனது. அவள் கடைசி முத்தை ஊட்டிவிட்டு, பாயைப் புரட்டினாள், தலையணையை உதறினாள், தரையைக் கையால் தடவித் தடவித் தேடினாள். கிடைக்கவில்லை.

"விடு. அதுதான் அந்தச் சொர்க்கத்து முத்தா இருக்கும்" என்று அவர் சிரித்தார்.

"வாயைக் கழுவுங்க! நாளைக்கு வெளிச்சத்துல தேடி எடுத்துத் தரேன்."

விடியலில் பாங்கு சொல்லும்போது அவருக்கு மூச்சு நின்றது.

உடலை அடக்கத்துக்குத் தூக்கியபோது ஜர்குனா அழவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "நெஞ்சா அது, செங்கல்லா?" என்று பீபோ வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். புருஷன் இறந்த துக்கக் காலமான இத்தாவில் உட்கார்ந்தவள் வெளியே போகக் கூடாது. கிடங்கில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டே வேலைக்குப் போவது கேட்கும்.

இறந்தவரின் படுக்கையை ஏழைக்குக் கொடுப்பது வழக்கம். பீபோ பஞ்சுப் போர்வையை முற்றத்துக்கு எடுத்துப் போய் ஓங்கி உதறினாள். கறுத்துச் சுருங்கிய ஏதோ ஒன்று மண்ணில் விழுந்தது. ஜர்குனா பார்த்துவிட்டாள்.

"அக்கா, கோழி! கோழியைத் துரத்துங்க!"

ஓடினாள், தடுக்கி விழுந்தாள். அதற்குள் கோழி கொத்தி விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று மண்ணைக் கிளறியது. அவள் விழுந்த இடத்திலேயே அந்த வெறும் மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள்.

"அவரோடது அக்கா... அது அவரோடது... கையில வச்சிருந்தேனே, விட்டுட்டேனே..."

பிறகு ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அதைக் கேட்டு நின்றார்கள். அன்றைக்கு வலிஜான் தோட்டத்துப் பழத்தைத்தான் அவர்கள் துடைக்க வேண்டியிருந்தது. ஒருத்தி கதவைத் திறந்து, "என்ன பீபோ, என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

பீபோ போர்வையைக் கீழே போட்டுவிட்டு ஜர்குனாவின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல, நீங்க வேலைக்குப் போங்க. இவளுக்கு இன்னிக்குத்தான் புருஷன் செத்திருக்கான்."