மஞ்சள் ஏறிய ஷீட்

சுகிர்தாவின் கண்ணுக்கு மஞ்சள் தப்பாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைத் தோல் ஷீட் செய்யும் கம்பெனி. அங்கே வெள்ளை உடுப்புக்குள் புகுந்துகொண்டு, ஒவ்வொரு ஷீட்டையும் விளக்கின் மேல் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. பாலாடை மாதிரி வெளுத்திருந்தால் பாக்கெட்டுக்குப் போகும். ஓரத்தில் லேசாக மஞ்சள் தட்டினாலும் கூடைதான். தீப்புண்ணில் வைத்தால் ஷீட் கரைந்து அங்கே சொந்தச் சதை வளரும் என்று வேலைக்குச் சேர்ந்தபோது சொன்னார்கள். கரையும்போது எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. அது அவள் வேலைக்குத் தேவைப்படவும் இல்லை.

அந்த ஷீட் ஒருநாள் அவள் வீட்டுக்கே வந்தது. உருக்காலையில் கணவன் ஜோஷ்வாவின் வலது கை வெந்துபோயிற்று. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஷீட்டை நோயாளிகளுக்கு வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்; அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். பலித்தால் விரல்கள் மடங்கும், பழைய வேலைக்குப் போகலாம். பலிக்காவிட்டால் தோல் சுருங்கி விரல்கள் விறைத்துவிடும் என்றார் டாக்டர் ஜோதிலட்சுமி. வீட்டுக்கு அனுப்பிய நாளில் சுகிர்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஜோஷ்வா ரயிலேறி வந்தான்.

ஷீட்டின் மேல் சுற்றிய துணிக்கட்டை மட்டும் வீட்டில் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கட்டைப் பிரித்தாள். ஷீட் முழுக்க மஞ்சள். ஓரமெல்லாம் கொழகொழவென்றிருந்தது. இதைப் பாஸ் பண்ணியது தன் கண்தானோ?

டாக்டருக்கு போன் போடச் சொன்னான் ஜோஷ்வா.

"இன்னாத்துக்கு? நான் பாக்காத ஷீட்டா? இது கெட்டுப்போச்சுங்க. இப்டியே வுட்டா கை அழுகிடும்."

கம்பெனியில் கழுவுவதுபோல் முழங்கை வரை கழுவினாள். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, துளி மிச்சமில்லாமல் வழித்தெடுத்தாள். ரத்தம் கசிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், "கம்பெனில கூட இவ்ளோ சுத்தமா செய்வியாடி?" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டாக்டர், ஷீட் எங்கே என்று கேட்டார். சுகிர்தா நடந்ததைச் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"கெட்டுப்போகலம்மா. கரையும்போது அது மஞ்சளாத்தான் ஆகும். தொடாதீங்கன்னு இவர்கிட்ட சொல்லித்தானே அனுப்பினேன்?"

ஜோஷ்வா தலையைக் குனிந்துகொண்டான். இளசாக வளர்ந்திருந்த சதையும் ஷீட்டோடு போய்விட்டது. சோதனையில் ஒருவருக்கு ஒரு ஷீட்தான், இரண்டாவது கிடையாது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கலாம். ஆனால் விரல்கள் முழுசாக மடங்கும் என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

திரும்பும்போது ரயில் மீஞ்சூர் தாண்டியது. அவன் திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அந்தம்மா சொல்லிக்கினு இருக்கச்சொல்லோ நான் சரியா காதுல வாங்கல," என்றான் ஜோஷ்வா, ஜன்னலைப் பார்த்தபடி. "என் பொண்டாட்டியே அந்தக் கம்பெனிதான், அவளுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிக்கினு இருந்தேன்."

மறுநாள் விளக்கின் மேல் வைத்த ஷீட்டின் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. இங்கே அது கெட்டதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் சுகிர்தாவின் கை அதை விடாமல் வெகுநேரம் வைத்திருந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து சூப்பர்வைசர் தட்டினாள்.

ஷீட்டைக் கசக்கிக் கூடையில் போட்டாள் சுகிர்தா. அவளுடைய ஐந்து விரலும் சரியாக மடங்கின.