சுற்றாத குமிழ்

தம்பிக்காரன் காமெராவைக் கையில் எடுத்துவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கு வாய் கிடையாது. அன்று கேட்கவே வேண்டாம். அப்பாவோடு முறைத்துக்கொண்டு போன அக்கா பல வருடம் கழித்து வாசற்படி மிதித்திருந்தாள். மாலை ரயிலுக்குத் திரும்பிவிடுவாள். அப்பாவும் மகளும் சேர்ந்து நிற்கிற படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

எல்லோரும் பார்க்கட்டும் என்று கூடத்து மேசைமேலேயே தன் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் காமெராவின் பின்மூடியைத் திறந்தான். ஃபிலிமின் நுனியை எதிர்ப்பக்கத்து உருளையின் பிளவில் செருகினான். ஒரு தரம் சுற்றி, நுனி பிடித்துக்கொண்டதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். அதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்பது அவன் கட்சி. டப்பென்று மூடினான்.

முதல் படம் எடுத்து, ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளியபோது மனைவி பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, நீங்க தள்ளும்போது இந்தக் குமிழும் கூடவே சுத்துமே. இப்ப சும்மா நிக்குதே?"

"தெரியாத விஷயத்துல ஏன் தலையிடுற? போய் டீ போடு."

அக்கா சிரித்துவிட்டாள். மனைவி முகம் சிவந்து உள்ளே போனாள்.

பிறகு அவன் வைத்ததுதான் சட்டம். அப்பாவை நிமிரச் சொன்னான், அக்காவை நெருங்கச் சொன்னான். காமெராக் கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்த அப்பாவின் முகத்தை, லென்ஸ் வளையத்தைத் திருகி ஒன்றாக்கினான். அவர் கை தயங்கித் தயங்கி மகளின் தோளில் போய் உட்கார்ந்ததையும் எடுத்தான். ரோலுக்கு முப்பத்தாறு படம்தான்; எண் அதைத் தாண்டியும் லீவர் ஓடியது.

"என் கை ராசி, எப்பவும் ஒண்ணு ரெண்டு கூடவே விழும்" என்றான்.

நாற்பதிலும் நிற்காமல் ஓடியது. சமையலறைப் பக்கம் ஒதுங்கிப் போய் மூடியைத் திறந்தான். ஃபிலிமின் நுனி உருளையிலிருந்து நழுவி, அதன் பக்கத்திலேயே சமர்த்தாகக் கிடந்தது. ஃபிலிம் நகரவே இல்லை, அதனால்தான் குமிழும் சுற்றவில்லை; ஒரு படம்கூட விழவில்லை.

பையோடு விடைபெற வந்த அக்கா, "என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள்.

அவன் வாய் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து எல்லாம் பார்த்திருந்த மனைவி முந்திக்கொண்டாள். "நான்தான் அண்ணி. துடைக்கலாம்னு எடுத்தேன், மூடி திறந்துக்குச்சு. வெளிச்சம் பட்டு எல்லாம் போச்சு."

"தெரியாத விஷயத்துல ஏம்மா தலையிடுற?" என்றாள் அக்கா.

அவனுடைய அதே வார்த்தை. மனைவி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தும் விட்டான். அப்படி நினைத்ததற்குத்தான் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அவ மேல தப்பில்லக்கா. ஃபிலிம் மாட்டவே இல்ல. அவ அப்பவே சொன்னா. நான்தான் வாய அடைச்சேன்."

அப்பா மகளைப் பார்த்தார். "ரயிலுக்கு நேரம் இருக்கா?"

"ஒரு படத்துக்கு இருக்குப்பா." அக்கா பையை இறக்கி வைத்தாள்.

அதே ஃபிலிமின் நுனியைச் செருகினான். சுற்றிப் பார்த்து மூடினான். மறுபடி லீவரைத் தள்ளும்போது தன் கண்ணையே நம்பாமல் காமெராவை மனைவி பக்கம் நீட்டினான்.

"சுத்துதா, பாரு."

"சுத்துது" என்றாள். குமிழைப் பார்த்தாளே தவிர, அவன் முகத்தைப் பார்க்கவில்லை.