ஓட்டிப் பார்த்தவர்

அன்றைக்கு மதியத்துக்குள் ஸ்கூட்டரில் விழுந்தவர்கள் மூன்று பேர் எக்ஸ்ரே அறைக்கு வந்துவிட்டார்கள். ஒரு மணிக்கட்டு, ஒரு கழுத்தெலும்பு, ஒரு கணுக்கால். எல்லாம் நின்றபடி ஓட்டும் மின்சார ஸ்கூட்டர்தான். சத்தமில்லாமல் போய், சின்னப் பள்ளத்தில் சக்கரம் மாட்டி, ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பதினாறு வருடமாகப் படமெடுக்கிறவளுக்கு, உடைந்த இடத்தைப் பார்த்தாலே விழுந்த விதம் தெரியும். அதனால்தான் கல்லூரிக்குப் போக அப்படி ஒன்று வேண்டுமென்று மகள் கேட்டபோது, கேட்டு முடிப்பதற்குள் கூடாது என்றாள். மகள் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புருஷனோ வழக்கம்போல "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இருவருக்கும் நடுவில் நழுவிவிட்டார்.

நான்காவது ஆளின் சீட்டில் புருஷன் பெயர் இருந்தது.

அதே பெயரில் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். கதவைத் திறந்தால், பேருந்து ஓட்டுநர் சீருடையில், வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, முட்டி கிழிந்த கால்சட்டையோடு அவரேதான் நின்றார்.

"தலையில அடிபட்டுச்சா?"

"இல்ல. கை மட்டுந்தான்."

"எதுல விழுந்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "புள்ளைக்கு வாங்கித் தரலாமா வேணாமான்னு... நாமளே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்னு வாடகைக்கு எடுத்தேன்."

கோபம் வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. கையை மேசைமேல் வைக்கச் சொன்னாள். முழங்கை நீள மறுத்தது. இருபது வருடமாக ஸ்டியரிங் திருப்பிய கை. அது சரியாகாமல் போனால் இந்த மனிதர் வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார்? முழங்கைப் படத்துக்கு அவர் மூச்சை அடக்கத் தேவையில்லை; அவள்தான் அடக்கிக்கொண்டிருந்தாள்.

திரையில் படம் வந்தது. எலும்பின் தலையில் மயிரிழையாய் ஒரு கோடு. விலகல் இல்லை. அவளுக்கு அப்படித்தான் பட்டது. ஆனாலும் புருஷன் கையைப் பார்க்கிற கண்ணை எவ்வளவு நம்புவது? டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"விரிசல்தான். ஆபரேஷன்லாம் வேணாம். கொஞ்ச நாள் கையைத் தூக்கிக் கட்டிக்குங்க, அப்புறம் பயிற்சி. பழையபடி பஸ் ஓட்டலாம் சார்."

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகைதான் வரும் என்று நினைத்தாள், வந்தது சிரிப்பு.

"எவ்ளோ தூரம் ஓட்டுனீங்க?"

"டிப்போலேந்து சிக்னல் வரைக்கும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு, நல்லாத்தான் இருந்துச்சு."

"இன்னொரு வார்த்தை பேசினீங்க, இடது கையையும் படமெடுக்க வேண்டியிருக்கும்."

கட்டுப் போட்டு அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தபோது, சேதி கேட்டு மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்த அவருடைய ஷூ கயிறு கண்ணில் பட, அப்படியே கீழே உட்கார்ந்தாள். அவர் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தார். ஐந்தாவது ஆளின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட மறந்து, அம்மா கதவோரம் நின்றாள்.