மீனுக்குப் பாஸ்

மழைக்குப் பிறகு பாலாற்றில் தண்ணீர் ஓடியது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பூர்ணிமா, நீந்தியே தீருவேன் என்று மாற்றுத் துணியோடு வந்துவிட்டாள். அவள் தோழி மேகலா தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஆற்றில் எடுத்த தண்ணீரின் பரிசோதனை முடிவு அன்று காலைதான் அவள் கைக்கு வந்திருந்தது.

"ஆக்சிஜன் நல்லா இருக்கு, மீன் வாழலாம். ஆனா கிருமி ஜாஸ்தி. நீ இறங்கக் கூடாது," என்றாள் மேகலா.

"இன்னாடி இது? மீன் பாஸு, நான் ஃபெயிலா?"

மேகலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பூர்ணிமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள். அப்போது கரையோரம் மீன் குஞ்சுகள் கூட்டமாக நீந்தி வந்தன. போன வருஷம் அங்கே வெறும் தோல் தொழிற்சாலைக் கழிவு நுரைதான் மிதந்தது.

"ஏய், எவ்ளோ மீனு பாருடி!" என்று கத்தியவளுக்குக் கோபமெல்லாம் மறந்துபோனது. இருவரும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார்கள்.