சும்மா சொன்ன வைத்தியம்

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் உண்மையின் விலை நாற்பது ரூபாய். உபைதுல்லாவின் உரக்கடையில் ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் செடிக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். சொல்வது இலவசம், பொட்டலத்துக்குத்தான் நாற்பது. அடியிலை மஞ்சளித்தால் தழைச்சத்து, ஓரம் கருகினால் சாம்பல்சத்து. பெரும்பாலும் பலிக்கும்.

தியாகேசன் அவருடைய பெரிய வாடிக்கையாளர். சம்பாவுக்கு மட்டும் முப்பது மூட்டை எடுப்பவர். ஒருநாள் கொல்லை எலுமிச்சையின் கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து நின்றார். இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக ஓடியது.

"பாத்ரூம் தண்ணி மரத்தடியில நிக்குதாண்ணே?"

"நிக்குது. அதுக்கென்ன?"

"இரும்புச்சத்து ஏறல. சத்து மண்ணுல இருக்கு, ஊறிப்போன வேரால எடுக்க முடியல. தண்ணிய வடிச்சு விடுங்க, போதும். வாங்க வேண்டியது ஒண்ணுமில்ல."

தியாகேசன் முகம் சுருங்கியது. "என்ன பாய், சரக்கு இல்லையா? இல்ல, கடன் சொல்லிருவேன்னு பயமா?"

"சத்தியமா மருந்து வேணாம்ணே."

"பெத்த புள்ள மாதிரி வளத்த மரம். மருந்தில்லாம எப்படிப் பொழைக்கும்?"

ஓசியில் வந்த யோசனையை ஓசியிலேயே உதறிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே வைத்தியலிங்கம் இலையை ஒரு தடவையும் அலமாரியை மூன்று தடவையும் பார்த்தார். யூரியா, நுண்ணூட்டம், டானிக், எண்ணூறு ரூபாய். தியாகேசன் மனம் நிறைந்து எல்லாவற்றையும் அந்தச் சேற்றிலேயே கொட்டினார். மாதம் திரும்புவதற்குள் மரம் மொட்டையாகிக் காய்ந்தது.

கோபம் வந்ததோ உபைதுல்லாவின் மேல்.

"கைவிட்டுட்டீங்களே பாய்! நெசமா வியாதி தெரிஞ்சிருந்தா காசு வாங்காம விட்டிருப்பீங்களா? அந்தாளாவது மருந்து குடுத்துப் பாத்தாரு!"

"தண்ணிய வடிச்சீங்களாண்ணே?"

"காசு குடுத்து மருந்து வாங்குனவன் மம்பட்டி வேற புடிக்கணுமாக்கும்!"

அந்தச் சம்பாவுக்கான மூட்டைகள் எதிர்க்கடையிலிருந்து வண்டி ஏறியதை உபைதுல்லா கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தார்.

வண்டி கிளம்பிய சூட்டோடு ராஜாத்தி என்கிற அம்மாள் செம்பருத்தி இலையோடு வந்தாள். அதே வெளுப்பு. கேட்டால், அதே தேங்கின தண்ணீர். உபைதுல்லா வேப்பம்புண்ணாக்குப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதத் தூவுங்கம்மா. ஆனா ஒண்ணு, தண்ணி நின்னா இந்த மருந்து கேக்காது. மொதல்ல வாய்க்கா வெட்டி வடிச்சிரணும்."

"அப்படி வெவரமா சொல்லுங்க!" என்று ராஜாத்தி பயபக்தியோடு பணத்தை எண்ணி வைத்தாள்.

செம்பருத்தி பிழைத்துவிடும். முப்பது மூட்டை போன இடத்தில் வரவு ஒரு பொட்டலம். கணக்கு நேராவதற்கு இன்னும் எத்தனை பொய்யை நிறுத்துக் கட்ட வேண்டுமோ, மீதி நிலுவையில் நிற்கிறது.