போத்தலில் ஒட்டிய பெயர்கள்

இவானோவுக்குத் தமிழில் மூன்று சொற்கள்தான் ஒழுங்காக வரும்: வாறன், போறன், முடியாது என்பதற்கு ஏலாது. கலியாணம் முடித்த பதினொரு வருடமாக இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே மனுசன் மனைவி மேரிசாந்தியின் சொந்தக்காரர் அத்தனை பேரையும் சமாளித்துவிட்டார். மற்றதெல்லாம் ஆங்கிலம். கோபம் வந்தால் மட்டும் இத்தாலியன்.

இத்தாலியின் வடக்கில், உதினே நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். பதினாறு வருடம் தொழில்முறை கோல்கீப்பர். பதினாறு வருடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அதில் பதின்மூன்று வருடம் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் குந்தியிருந்தது. கிளப் மாறினாலும் வாங்கு மாறவில்லை. முதல் கோல்கீப்பருக்கு ஒரு காய்ச்சல் வராதா, கால் பிசகாதா என்று சனிக்கிழமை நினைப்பார். நினைத்த பாவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்வார். அப்படிப்பட்ட மனுசன். நாட்டின் முதல் பிரிவில் அவர் ஆடியது மொத்தம் முப்பத்தொரு நிமிடம், விட்டது இரண்டு கோல். பிறகு முழங்கால் போனது. ஆடிப் பெயர் எடுக்காததைப் பயிற்சி கொடுத்தாவது எடுப்போம் என்று கோல்கீப்பர் பயிற்சியாளராக மாறினார்.

அந்த வேலை இருக்கிறதே, அதைப்போல அடுத்தவன் கையில் தலையைக் கொடுக்கிற வேலை வேறில்லை. தலைமைப் பயிற்சியாளர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். ஆறு ஆட்டம் தோற்றால் அவரைக் கழற்றிவிடுவார்கள். அவரோடு வந்த எல்லோரும் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும். கோல்கீப்பர்கள் நன்றாகத்தானே பிடித்தார்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இப்படியே லண்டன், மால்டா, ருமேனியா, திரும்ப லண்டன். பதினொரு வருடத்தில் ஐந்து வருடம் மேரிசாந்தி லண்டன் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் தனியாகத்தான் படுத்து எழும்பினாள். அவளால் கூடப் போக முடியாது. ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் இருபத்திரண்டு வருட வேலை, வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாய் லூர்தம்மா.

கடைசியாகக் கிடைத்ததுதான் இந்தக் கிளப். பெரிய லீக்குகளுக்கு ஐந்தாறு படி கீழே, கிழக்கு லண்டனில், வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். இரண்டு வருடமாக மனுசன் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கிறார். இந்த மே மாதம் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். வென்றால் மேல் பிரிவு, எல்லோருக்கும் மூன்று வருட ஒப்பந்தம். தோற்றால் தலைமைப் பயிற்சியாளரும் அவர் ஆட்களும் போகலாம் என்று கிளப் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சைப்பிரஸில் ஒரு கிளப் ஏற்கெனவே இரண்டு முறை இவானோவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டது.

பெனால்டி வரை போனால் எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பான் என்று எழுதி, கோல்கீப்பரின் தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். இவானோ அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்கிறவர். இந்த முறை ஒரு சிக்கல். எதிரணி அரையிறுதியைப் பெனால்டியில்தான் வென்றிருந்தது. வலைக்குப் பின்னால் நின்ற ரசிகன் ஒருவன் போனில் எடுத்த வீடியோ சனிக்கிழமை மத்தியானம்தான் கைக்கு வந்தது. இவானோ அப்போது மைதானத்தில், கோல்கீப்பர் டெக்லனோடு கடைசிப் பயிற்சியில் நின்றார்.

மேரிசாந்திக்கு அன்று விடுமுறை. "அனுப்புங்கோ, நான் பாத்து எழுதுறன். மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் ஆக்களிட ரத்த அழுத்தம் எழுதுறனான், இது பெரிய வேலையே?" என்றாள் போனில்.

இவானோ ஒரு கணம் யோசித்தார். "கோல்கீப்பர் நிற்கிற பக்கத்திலிருந்து இடது, வலது. மறக்காதே" என்றார் ஆங்கிலத்தில்.

"தெரியும். பதினொரு வருசமா இதைத்தானே கேக்குறன்."

நான்கு பேர் அடித்ததோடு அந்த ஆட்டம் முடிந்திருந்தது. நான்கு பெயரையும் பக்கத்தையும் அவள் அழகாக எழுதினாள். ஐந்தாவதாக அடிக்கக்கூடிய ஒன்பதாம் இலக்கக்காரனை மட்டும் இவானோ முன்பே பார்த்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் கீழே ஐந்தாவது வரியைத் தன் கையால் எழுதினார். அவள் எழுதியதைச் சரிபார்க்கப் போனைக் கையில் எடுத்தவர், பிறகு என்ன நினைத்தாரோ, கீழே வைத்துவிட்டார். பெண்டாட்டியைச் சோதிக்கிறதா என்று நினைத்திருக்கலாம். சோதித்திருக்க வேண்டும், மனுசன்.

ஞாயிறு பிற்பகல் மூவாயிரம் பேர். மேரிசாந்தி தம்பி நிஷாந்தோடு பக்கவாட்டுப் பார்வையாளர் காலரியில் இருந்தாள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரமும் அப்படியே முடிந்தது. பெனால்டி.

"அக்கா, அத்தானிட போத்தல் இருக்கு. பயப்பிடாதை" என்றான் நிஷாந்த்.

முதலில் இவர்களின் ஆள் அடித்தான், கோல். எதிரணியின் முதல் ஆள் வந்தான். டெக்லன் போத்தலை எடுத்துப் படித்தான், வலப்பக்கம் பாய்ந்தான். பந்து இடப்பக்கம் போனது. சரி, ஒருமுறை அப்படி நடக்கும் என்று மேரிசாந்தி தன்னைத் தேற்றிக்கொண்டாள். இரண்டாவது ஆள் காலில் ரோசா நிறச் சப்பாத்து போட்டவன். டெக்லன் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து வலது மூலையில் போய் இறங்கியது.

அந்தச் சப்பாத்தை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வீடியோவில் அவன் அடித்த பந்து திரையின் வலப்பக்கம் போனது. வலப்பக்கம் போனதைப் பார்த்த அவளுடைய கை, இடது என்று எழுதியிருந்தது.

ஏன் அப்படி எழுதினாள் என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் எதிரே இருக்கிற ஆளின் இடது கை, பார்க்கிறவரின் வலப்பக்கம் இருக்கும். தன் பக்கத்தை வைத்து எழுதினால் ஊசி பிழையான கையில் ஏறிவிடும். அதனால் முகம் பார்த்து நிற்கிற எவரையும் கண்டால் பக்கத்தை மாற்றி எழுதுகிற பழக்கம் இருபத்திரண்டு வருடமாக அவள் கையில் ஊறியிருந்தது. வீடியோ வலைக்குப் பின்னாலிருந்து எடுத்தது. அடிக்கிறவன் அவளுக்கு முகம் காட்டி நின்றான். திரையில் கண்டதை அப்படியே எழுதியிருந்தால் அதுதான் கோல்கீப்பரின் பக்கம். பாவி, அவள் நான்கு பேரையும் நோயாளி ஆக்கி, நான்கையும் மாற்றி எழுதிவிட்டாள்.

"நிஷாந்த், நான் பிழையா எழுதிப்போட்டன். நாலும் பிழை. அத்தானுக்குச் சொல்ல வேணும்."

"இப்பவோ? அத்தானிட போன் உடுப்பு மாத்துற அறைக்கயெல்லோ கிடக்கு."

அவள் படிகளில் இறங்கி ஓடினாள். வேலிக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் சட்டை போட்ட காவல்காரி கையை விரித்து மறித்தாள். "என்ர மனுசன் அங்க நிக்கிறார், ஒரு வார்த்தை சொல்ல வேணும்" என்று ஆங்கிலத்தில் மன்றாடினாள். அந்தப் பெண் மிக மரியாதையாக, ஆட்டம் முடியட்டும் என்றாள். மேரிசாந்தி தொண்டை கிழியக் கத்தினாள். மூவாயிரம் பேர் பாடுகிற இடத்தில் யாருக்குக் கேட்கும்.

அதற்குள் இவானோவுக்கும் விளங்கியிருந்தது. தோளோடு தோள் கோத்து நின்ற வரிசையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் குறுக்கே மாற்றி மாற்றிக் காட்டினார். கோட்டோரத்து நடுவர் அவரைப் பின்னால் தள்ளினார். டெக்லன் திரும்பிப் பார்த்தால் போதும். அவன் பார்க்கமாட்டான். பெனால்டி நேரத்தில் வாங்கையும் பார்க்காதே, சனத்தையும் பார்க்காதே, போத்தலை மட்டும் பார் என்று இரண்டு வருடமாக அவன் மண்டையில் ஏற்றியவர் இவானோதான். அவன் சொன்ன சொல் தட்டாத பிள்ளை.

மூன்றாவது ஆளுக்கும் டெக்லன் பிழையான பக்கம் பாய்ந்தான். நான்காவது ஆளுக்கும் அப்படியே. இவர்களின் நான்கு பேரும் கோல் போட்டிருந்தார்கள், நாலுக்கு நாலு. இவர்களின் ஐந்தாவது ஆள் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இனி எதிரணியின் ஒன்பதாம் இலக்கக்காரன் அடித்தால் எல்லாம் முடிந்தது. டெக்லன் பிடித்தால் இன்னும் உயிர் இருக்கிறது.

மேரிசாந்தி வேலியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது இவானோ எழுதியது. அது சரி. இவ்வளவு நேரமும் போத்தலை நம்பாதே நம்பாதே என்று கும்பிட்டவள், இப்போது மாதாவே, இந்த ஒருமுறை நம்பட்டும் என்று கும்பிட்டாள்.

டெக்லன் போத்தலை எடுத்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு அதை வலைக்குள் வீசி எறிந்துவிட்டு வந்து கோட்டில் நின்றான்.

போத்தல் சொன்னது இடது. அவன் பாய்ந்தது வலது. பந்து இடப்பக்கம், ஓர் ஆள் சும்மா சாய்ந்தாலே பிடிக்கக்கூடிய உயரத்தில், உள்ளே போனது.

கார் நிறுத்துமிடத்தில் அக்காவும் தம்பியும் ஒரு மணித்தியாலம் காத்திருந்தார்கள். இவானோ பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"நான்தான் பிழை விட்டது" என்றாள் அவள்.

"இரண்டாவதிலேயே தெரிந்துவிட்டது" என்றார் ஆங்கிலத்தில்.

"அவையள் என்ன சொன்னவை?"

"டெக்லன் அழுதான். போத்தலில் பிழை என்றான். யார் எழுதியது என்று தலைவர் கேட்டார். நான் என்றேன்."

"நான் உள்ளே போய்ச் சொல்லுறன். நான் எழுதினதெண்டு சொல்லுறன்." அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

இவானோ அவளுடைய கையைப் பிடித்தார். "என்ன சொல்வாய்? இறுதி ஆட்டத்துப் பட்டியலை வீட்டில் மனைவியிடம் எழுதக் கொடுத்தவன் என்றா? பிழை விட்ட பயிற்சியாளனுக்கு எங்காவது வேலை கிடைக்கும், சாந்தி. மனைவியிடம் எழுதக் கொடுத்தவனை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்."

உண்மையைச் சொன்னாலும் அவருக்குக் கெடுதல், சொல்லாவிட்டாலும் அவருக்குக் கெடுதல். நிஷாந்த் காரை எடுத்தான். பின்சீட்டில் இருவரும் அருகருகே இருந்தார்கள். ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டும்போது அவள் கேட்டாள்.

"இங்கேயே வேற ஏதாவது பாக்க ஏலாதே?"

"ஏலாது" என்றார் அவர். அதை மட்டும் சுத்தமான தமிழில் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், சைப்பிரஸுக்கு இரவே பதில் சொல்ல வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் ஆனந்தராஜா என்ற நோயாளி வந்திருந்தார். வாரம் மூன்று நாள் வருகிறவர், பந்துப் பைத்தியம். மெசினில் மாட்டி முடித்ததும் போனை நீட்டினார். டெக்லன் போத்தலை வீசுகிற படம், அதற்குக் கீழே இவானோவின் பெயர்.

"பிள்ளை, இது உங்கட மனுசனெல்லே? நாலும் மாறி எழுதினவராம். இவ்வளவு வருசம் அந்தத் தொழிலிலை நிண்ட ஆளுக்கு, இடது வலது தெரியாதே?"

பக்கத்துப் படுக்கைக்காரரும் திரும்பிப் பார்த்தார். மேரிசாந்திக்கு உண்மையெல்லாம் வாய்வரை வந்து நின்றது.

"ஓம் ஐயா" என்றாள். "அவர்தான் எழுதினவர்."