சித்திர நாவலில் இடம் கிடைக்காதவள்

நண்பர்களை வைத்து வரைந்த சித்திர நாவல் வெளியானபோது யார் முதலில் சண்டைக்கு வருவார்கள் என்று ஓவியக்காரி காத்திருந்தாள். மூன்று பேரையும் அப்படியே உரித்து வைத்திருந்தாள். "இதோ, பக்கத்துல வந்துட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போகும் வக்கீல். சாப்பாடு ஆறிப் போகும்வரை அதைப் படம் பிடிக்கும் பல் டாக்டர். யார் அழுதாலும் தன் விவாகரத்துக் கதையை ஆரம்பிக்கும் வங்கிக்காரி.

முதலில் பல் டாக்டர் கூப்பிட்டான். "வக்கீலை நல்லா வாரியிருக்கே. ஆமா, அந்த போட்டோ பைத்தியம் யாரு, எனக்குத் தெரிஞ்சவனா?"

வக்கீலுக்கு ஒரே ஒரு குறை. "அந்தக் குளிக்கப் போற ஆள் மட்டும் நம்பற மாதிரி இல்ல. அப்படியும் மனுஷன் இருப்பானா?"

வங்கிக்காரி அழுதேவிட்டாள். "அந்தப் பொண்ணு சொல்றதை ஒருத்தருமே காது கொடுத்துக் கேக்கலையேடி." பிறகு தன் விவாகரத்துக்கு வந்தாள்.

அப்பாடா என்று மூச்சு விட்டால், கோபம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவளோடு சேர்ந்து வாடகைக்கு இருந்த நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்?"

"உன்னை வரையலடி. சொன்ன நேரத்துக்கு வர்றே, பாத்திரம் கழுவறே, எனக்குக் காய்ச்சல்னா லீவு போடறே. உன்கிட்ட கிண்டல் பண்ண என்ன இருக்கு?"

"போரடிக்கிறவள்னு சொல்லு."

"நல்லவள்னு சொல்றேன்."

"உன் புத்தகத்தைப் படிச்சா ரெண்டும் ஒண்ணுதான்னு தெரியுது."

மறுநாளிலிருந்து நர்ஸ் கெட்டுப்போக ஆரம்பித்தாள். ஓவியக்காரியின் புதுச் செருப்பைக் கேட்காமல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். வந்ததும் துடைத்து வைத்தாள். எச்சில் தட்டைக் கழுவாமல் விட்டாள், தன்னுடையதை மட்டும். போனில் சத்தமாகப் பேசினாள். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரம் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, ஓவியக்காரி பென்சிலை எடுக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

"இது தேறுமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

ஓவியக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாம் பாகத்தை அதையே வைத்து வரைந்தாள்: கெட்டவளாக ஆசைப்பட்டு, ஒன்றும் சரியாக வராமல் திண்டாடும் ஒரு பெண்.

புத்தகம் வந்த அன்று நர்ஸ் கடைசிப் பக்கம் வரை தலை நிமிரவில்லை.

"நான்தான்" என்றாள். "மூக்கைக் கொஞ்சம் சின்னதா போட்டிருக்கலாம்."

அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் வார்டு முழுக்கக் காட்டினாள். தலைமை நர்ஸ் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எச்சில் தட்டை அப்படியே போட்டிருக்கா. இதுவா நீ? நம்பவே முடியலையே."

"வீட்டுல நான் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது சிஸ்டர்" என்றாள் இவள், தலைகால் புரியாத பெருமையோடு.